வகுப்பு பார்ட்டிக்கு சத்தா என்ன குடுத்து விடலாம்? – வாசகர் கேள்வி பதில்

ஒளிவிழா, கிளாஸ் பார்ட்டி, லீவுன்னு ஸ்கூல் பக்கம் ஒரே கலகலப்பு, அதனால இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல புள்ளைங்க பார்ட்டிச் சாப்பாட்டைப் பத்தித்தான். எல்லாத்தையும் ஒரே இதழ்ல போட்டுடலாம்னு இடம் கேட்டு வாங்கிட்டேன். முடி கொட்டுறதுக்கும் அரிசி மூட்டையில வண்டு விழுறதுக்கும் வழி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம் அக்கா, நாங்க தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில இருக்கோம், மகள் ரெண்டாம் வகுப்பு படிக்கிறா. லீவு விடுறதுக்கு முன்னாடி கிளாஸ்ல பார்ட்டி, ஒவ்வொரு வீட்டில இருந்தும் ஒரு சாப்பாடு கொண்டு வரணுமாம், மொத்தம் 34 புள்ளைங்க. போன வருஷம் டொபி, கலர் சோடா, ஐசிங் கேக்னு சாப்பிட்டு மறுநாள் பாதிப் பேருக்கு வயித்து வலி, அதனால இந்த வாட்டி சத்தானதா கொண்டு வாங்கன்னு டீச்சர் வட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க. நான் காலையில கொழுந்துக்கு போறவ, வீட்டில ஓவனும் இல்ல பிரிட்ஜும் இல்ல. டவுன்ல இருக்கிற அம்மாமார் எல்லாம் பேக்கரியில பெட்டி பெட்டியா வாங்கிட்டு வருவாங்க, நம்ம சாமான் மேசையில கேவலமா தெரிஞ்சா மகள் அழுவா. என்ன செய்யலாம்?
– ஒரு அம்மா, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, கேவலமா தெரியுமோங்கிற பயத்தை முதல்ல ஓரமா வைங்க, அந்த பயத்திலதான் பாதிப் பேர் கடன் வாங்கியாவது பேக்கரிப் பெட்டியை தூக்கிட்டு வர்றாங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, சத்தானதுன்னு டீச்சர் சொன்ன உடனே கரட்டை நீட்டு நீட்டா வெட்டி, அவிச்ச முட்டையை நாலாப் பொளந்து வச்சு அனுப்புறவங்க, அது பொக்ஸோட அப்படியே வீட்டுக்கு திரும்பி வரும். திரும்பி வந்த சாப்பாட்டில எவ்வளவு சத்து இருந்து என்ன பிரயோசனம்? பார்ட்டின்னா புள்ளை கையை நீட்டி எடுக்கணும், எடுத்ததை முடிக்கணும், கல்சியம் புரதம் எல்லாம் அதுக்கப்புறம்தான். அதனால இனிப்பை அடியோட விட்டுறாதீங்க, ஆனா குறைங்க, அளவையும் சின்னதாக்குங்க. ஒரு வாய் இல்லாட்டி ரெண்டு வாய்ல முடியணும், கையில ஒட்டக்கூடாது, யூனிஃபோம்ல வழியக்கூடாது.

உங்க நிலைமைக்கு, முதல் நாளே செஞ்சு வைக்கணும், வெளியில இருந்தாலும் கெடக்கூடாது, அதுக்கு பாசிப்பயறு உருண்டையை விட பொருத்தமா ஒண்ணும் எனக்கு தோணல. அரைக் கிலோ பயறு எடுங்க, கல்லு குப்பை பொறுக்கிட்டு ஈரத்துணியில துடைச்சா போதும், நம்ம பக்கம் இந்த மாசத்தில வெயிலை நம்பி கழுவிக் காயப் போட்டா பயறு முளை விட்டாலும் விடும், காயாது. இரும்புச் சட்டியில சின்ன நெருப்பில விடாம கிண்டுங்க, கால் மணி நேரம் போல ஆகும், பச்சை மங்கி லேசா பழுப்பு ஏறும், ஒரு மணியை எடுத்து கடிச்சா படக்குன்னு ஒடையணும். வாசம் தூக்கலா வந்ததும் இறக்கிடணும், அதுக்கு மேல விட்டா கசக்கும், அந்தக் கசப்பை எத்தனை கட்டி கருப்பட்டி போட்டாலும் மறைக்க முடியாது. அதே சூட்டுச் சட்டியில சின்னச்சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நாலு போட்டு பிரட்டி, பயறோட சேர்த்து மில்லுல குடுத்து அரைச்சுக்கோங்க. மிளகு எதுக்குன்னு கேக்காதீங்க, அது இல்லாட்டி உருண்டை வெறும் மாவா நாக்கில ஒட்டும்.

அப்புறம் ஒரு தேங்காய், துருவி, சரசரன்னு சத்தம் வர்ற வரைக்கும் வறுக்கணும். இதுல மட்டும் அவசரப்படக்கூடாது. தேங்காய்ல ஈரம் நின்னா ரெண்டாம் நாளே ஊசல் வாடை அடிக்கும், நல்லா வறுத்திருந்தா காஞ்ச டின்ல நாலு நாள் தாராளமா இருக்கும். இனி பாகு, 250 கிராம் கருப்பட்டியை தட்டி முக்கால் டம்ளர் தண்ணியில கரைச்சு, மண்ணு தூசி இருக்கும், வடிகட்டி, திரும்ப அடுப்புல வைங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டுப் பார்த்தா பிசுபிசுன்னு ஒட்டணும், அந்த இடத்திலயே இறக்கிடுங்க, கம்பி இழுக்கிற வரைக்கும் விட்டா நம்ம குளிருக்கு மறுநாள் இறுகிப் போயி பால் பல்லு ஆடுற புள்ளைங்க கதி அவ்வளவுதான். மாவையும் தேங்காயையும் பாகுல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி கிளறி, கை பொறுக்கிற சூட்டில உருட்டணும், ஆறிட்டா உதிரும், உதிர்ந்தா ஒரு கரண்டி கொதிதண்ணி தெளிச்சு திரும்ப பிசையலாம். பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினா 40 வரும், 34 புள்ளைங்களுக்கு போக டீச்சருக்கும் வீட்டில ருசி பார்க்கவும் மிச்சம் இருக்கும். ஒரு உருண்டைக்கு ஆறு கிராம் கருப்பட்டிதான் விழுது, பயறுல 100 கிராமுக்கு 24 கிராம் போல புரதம் இருக்கு, பேக்கரி கேக் எதுவும் இந்தக் கணக்குக்கு கிட்ட வராது.

மேசையில எடுப்பா தெரியணும்னா, டவுன்ல கேக் சாமான் விக்கிற கடையில கலர் கடதாசி கப் கிடைக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு உருண்டை, மேல ஒரு பிளம்ஸ் அழுத்தி விட்டா போதும். வறுத்த தேங்காய்ப்பூவுல பாதியை உருட்டி எடுத்தீங்கன்னா வெள்ளையும் பழுப்புமா மாத்தி மாத்தி அடுக்கலாம். ஞாயித்துக்கிழமை மகளையும் கூட உக்கார வச்சு உருட்ட விடுங்க, நான்தான் உருட்டினேன்னு கிளாஸ் பூரா அவளே விளம்பரம் பண்ணிக்குவா.

விலை எல்லாம் எழுதல, நான் எழுதி இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள மாறிடும்.

கேள்வி: கருப்பட்டி போட்டா எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம், சீனிதான் கெடுதல்னு எங்க மாமி சொல்றாங்க, அவங்க பேச்சைக் கேட்டு வீட்டில பாயாசம் ஆறா ஓடுது. சரியாங்க?
– ஒரு அப்பா, ஹட்டன்

பதில்: மாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. கருப்பட்டியிலயும் பெரும்பகுதி சீனிச்சத்துதான், கொஞ்சம் தாதுப்பொருள் கூட இருக்கு, வாசமும் ருசியும் தனி, அதுக்காக கணக்கில சேராதுன்னு ஆகிடாது. டவுன்ல கித்துள் கருப்பட்டின்னு விக்கிறதுல சீனிப்பாகு கலந்து ஊத்தினதும் வருது, அப்போ மாமி சொல்ற அந்த வித்தியாசமும் போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்கு என்னன்னா, நாம சேர்க்கிற சீனி, பாணி, தேன், ஜூஸ்ல இருக்கிறது எல்லாம் சேர்த்து சாப்பாட்டு சக்தியில பத்துல ஒரு பங்குக்கு கீழ இருக்கணும், அதுலயும் பாதிக்கு குறைச்சா இன்னும் நல்லது. சின்னப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது அஞ்சாறு தேக்கரண்டிக்குள்ள நிறுத்திக்கிட்டா சரி, காலையில தேத்தண்ணியில போடுறதும் இதுக்குள்ளதான்.

உண்மையில பார்ட்டியில வில்லன் கருப்பட்டியும் இல்ல கேக்கும் இல்ல, குடிக்கிற போத்தல்தான். நம்ம நாட்டில 2016ல இருந்து குளிர்பான போத்தல்ல கலர் வட்டம் போடுறாங்க, கவனிச்சிருப்பீங்க, 100 மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2ல இருந்து 11 வரைக்கும் மஞ்சள், 2க்கு கீழன்னா பச்சை. சிவப்பு வட்டம் போட்ட 400 மில்லி போத்தலை ஒரு புள்ளை தனியா முடிச்சா 44 கிராமுக்கு மேல உள்ள போகுது, மேல சொன்ன உருண்டை ஏழு சாப்பிட்டாலும் அவ்வளவு வராது, ஏழு உருண்டை எந்தப் புள்ளையும் சாப்பிடாது, வயிறு நிறைஞ்சிடும். அடுத்த வாட்டி கடையில வட்டத்தைப் பார்த்து வாங்குங்க.

கேள்வி: நாங்க கொழும்பில இருந்து நுவரெலியாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகுது. மகன் கிளாஸுக்கு கொண்டைக்கடலை சுண்டல் குடுக்கலாம்னு நினைச்சா இங்க கடலை வேகவே மாட்டேங்குது, அங்க வேகுற நேரத்துக்கு வச்சா நடுவுல மாவு மாவா நிக்குது, புள்ளைங்க துப்பிடுறாங்க. கடலையில குறையா, என்கிட்ட குறையா?
– நுவரெலியா வாசகி

பதில்: ரெண்டுலயும் இல்ல, உயரத்தில. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1868 மீட்டர் மேல இருக்கு, மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், அதனால தண்ணி சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சிடும், கொழும்பில 100 பாகையில கொதிக்கிறது இங்க 94 பாகை கிட்டயே தளபுளன்னு கொதிக்கும். பார்க்க பயங்கரமா கொதிக்குது, ஆனா சூடு கம்மி, கடலைக்கு அது பத்தாது. நெருப்பைக் கூட்டினாலும் தண்ணி வத்துமே தவிர சூடு ஏறாது. பிரஷர் குக்கர் இருந்தா கவலையே இல்ல, உள்ள அழுத்தம் கூடும்போது சூடும் கூடும், கொழும்புக் கணக்கை விட ரெண்டு விசில் கூட விடுங்க. குக்கர் இல்லாட்டி நேரத்தைத்தான் கூட்டணும், மூடி போட்டு அவிக்கணும்.

ஊற வைக்கிறதிலயும் ஒரு விஷயம் இருக்கு. ராத்திரி குளிர்ல பச்சைத் தண்ணியில போட்டு வச்சா காலையில பாதிதான் ஊறியிருக்கும், அதனால வெதுவெதுப்பான தண்ணியில போட்டு அடுப்பு மேடை ஓரமா வைங்க, வெறகு அடுப்புன்னா அந்தச் சாம்பல் சூடே போதும். முளை கட்டுறதுக்கும் அதேதான், கொழும்பில ஒரு நாள்ல முளை வர்ற பயறு இங்க ரெண்டு மூணு நாள் எடுக்கும், கோவிச்சுகிட்டு தூக்கிப் போட்டுடாதீங்க. தக்காளி, தேசிக்காய், புளி எதுவா இருந்தாலும் கடலை வெந்ததுக்கு அப்புறம்தான், புளிப்பு முன்னாடி போனா தோல் இறுகிடும். சீக்கிரம் வேகட்டும்னு அப்பச்சோடா போடுறவங்க நிறைய, வேகும்தான், ஆனா பி1 விற்றமின் அழிஞ்சிடும், ருசியும் சவக்காரம் கலந்தாப்புல போகும். கடையில வருஷக்கணக்கா கிடந்த கடலைன்னா எந்த வித்தையும் பலிக்காது, அதையும் சொல்லிடணும்.

புள்ளைங்களுக்குன்னா கொண்டைக்கடலையை விட கௌபி நல்லது, சீக்கிரம் வேகும், மென்மை. தாளிக்கும்போது செத்தல் மிளகாயை முழுசா போட்டு எடுத்துடுங்க, தேங்காய்ப்பூவும் பொடிசா வெட்டின கரட்டும் கடைசியில. இதைக் கோப்பையில குடுக்காம கடதாசிச் சுருள்ல குடுத்துப் பாருங்க, பதுளை ரெயில்ல கடலை வாங்கித் தின்ன ஞாபகத்திலயே புள்ளைங்க காலி பண்ணிடும். ஆனா ரெயில்ல சுத்திக் குடுக்கிற மாதிரி பேப்பர், பழைய கொப்பித் தாள் எல்லாம் வேணாம், அச்சு மையும் பேனா மையும் சூட்டுக்கு சாப்பாட்டில இறங்கும், எழுதாத வெள்ளைத் தாள் எடுங்க. அன்னைக்குக் காலையில செஞ்சு அன்னைக்கே முடிச்சிடணும், தேங்காய் போட்ட சுண்டல் மத்தியானத்துக்கு மேல தாங்காது, குளிரா இருந்தாலும்.

கேள்வி: நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில முதலாம் வகுப்பு டீச்சர். கிளாஸ்ல எல்லா மதத்துப் புள்ளைங்களும் இருக்காங்க, சில வீட்டில ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காங்க, சிலர் திருவெம்பாவைக்கு விரதம், முஸ்லிம் புள்ளைங்களும் இருக்காங்க. ஒரு பையனுக்கு கச்சான் ஒத்துக்காதுன்னு அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. ஒருத்தரையும் ஒதுக்காம எப்படி மெனு போடுறது?
– ஒரு ஆசிரியை

பதில்: டீச்சர், ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா யோசிச்சா தலை சுத்திடும். எல்லாருமே சாப்பிடக்கூடியதா மட்டும் மேசையில வைங்க, முட்டை, இறைச்சி, மாசி, ஜெலட்டின், கச்சான், இந்த அஞ்சும் வேணாம்னு குரூப்ல ஒரே மெசேஜ், காரணம் கூட சொல்ல வேணாம். ஜெலட்டின்தான் நிறையப் பேருக்கு தெரியாம போகுது, அது மிருகத்தோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது, ஜெலி பக்கட், மார்ஷ்மெலோ, சில மெல்லுற டொபி எல்லாத்திலயும் இருக்கலாம். விரதப் புள்ளைக்கும் ஆகாது, ஹலால் இல்லாட்டி முஸ்லிம் புள்ளைக்கும் ஆகாது.

அதுக்குப் பதிலா நோன்புக் காலத்தில முஸ்லிம் வீடுகள்ல செய்யிற கடல்பாசி இருக்கே, அதைச் செய்யச் சொல்லுங்க. பிரிட்ஜ் வேணாம், அறைச் சூட்டிலயே உறையும், உறைஞ்சதுக்கு அப்புறம் வெயில்ல வச்சாலும் உருகாது. 10 கிராம் கடல்பாசியை ஊற வச்சு முக்கால் லீட்டர் தண்ணியில போட்டு, ஒரு இழை கூட மிச்சம் இல்லாம கரையுற வரைக்கும் கொதிக்க விடணும், அரைகுறையா கரைஞ்சா தட்டில நூல் நூலா நிக்கும். மூணு மேசைக்கரண்டி சீனி போதும். இறக்கினதுக்கு அப்புறம் அரை டம்ளர் பேஷன் ஃப்ரூட் சாறை ஊத்துங்க, புளிப்போட சேர்த்து கொதிக்க விட்டா உறையிற சக்தி போயிடும். இன்னொரு தட்டுக்கு பீட்ரூட்டை துருவி பிழிஞ்ச சாறு, கலர் போத்தலே வேணாம், அப்படி ஒரு சிவப்பு. நட்சத்திரம், பிறை, பூ எல்லாம் கத்தியாலயே வெட்டலாம். பீட்ரூட் சாப்பிட்ட சில புள்ளைங்களுக்கு மறுநாள் சிறுநீர் ரோஸ் கலர்ல போகும், ஒண்ணும் இல்ல அது, ஆனா குரூப்ல முன்னாடியே ஒரு வரி போட்டு வைங்க, இல்லாட்டி ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் கோல் வரும்.

கச்சான் பையன் விஷயத்தை மட்டும் லேசா எடுக்காதீங்க. சிலருக்கு பொடி அளவு பட்டாலே போதும், கொஞ்சமாதானேங்கிற பேச்சு இங்க எடுபடாது. கச்சான் அரைச்ச மில்லுல அடுத்து பயறு அரைச்சாலும் ஒட்டிக்கும், அதனால மேல தலவாக்கலை தங்கச்சிக்கு சொன்ன உருண்டையை உங்க கிளாஸுக்கு செய்யிறவங்க வீட்டு கிரைண்டர்லதான் அரைக்கணும், அதுவும் கச்சான் போடாத கிரைண்டரா இருக்கணும். அந்த அம்மாவையே ஒரு சாமான் கொண்டு வரச் சொல்லுங்க, அவன் நம்பி சாப்பிட ஒண்ணு இருக்கும், அவனைத் தனி மேசையில உக்கார வைக்காதீங்க. தோல்ல தடிப்பு, உதடு கண்ணு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு, இதுல எது தெரிஞ்சாலும் 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. மூச்சு இழுக்க ஆரம்பிச்சு, அம்புலன்ஸ் மலை ஏறி வர்றதுக்கு நேரமாகும்னு தெரிஞ்சா ஓட்டோவோ வேனோ எது நிக்குதோ அதுல ஏத்திடுங்க. டொக்டர் குடுத்த ஊசியோ மருந்தோ அவன்கிட்ட இருக்கான்னு இப்பவே அம்மாகிட்ட கேட்டு வைங்க.

பார்ட்டிக்கு தம்பி தங்கச்சியும் வருவாங்க. அஞ்சு வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கு முழுக் கஜு, முழு திராட்சை, கெட்டி டொபி வேணாம், தொண்டையில அடைக்கும். திராட்சையை நீளவாக்கில நாலா வெட்டிடுங்க.

கேள்வி: பழம் வெட்டி அனுப்பினா போயி சேர்றதுக்குள்ள கறுத்துப் போகுது, என்ன பண்ண?
– ஹட்டன் வாசகி

பதில்: அப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் மூணும் வெட்டின உடனே கறுக்கும், தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணியில முக்கி எடுத்தா கொஞ்ச நேரம் தாங்கும். எதுக்கு அந்தப் பாடு, அன்னாசி, பப்பாசி, கொய்யா, தோடம்பழம் எடுங்க, கறுக்காது. ஸ்ட்ரோபரி கிடைச்சா வெட்டாம, ஓடுற தண்ணியில நல்லா கழுவி காம்போட குடுங்க. பல்லுக்குச்சியில குத்திக் குடுக்காதீங்க, சின்னதுங்க கண்ணுல குத்திக்கும்.

கேள்வி: பேரனுக்கு குரக்கன் நல்லதுன்னு கிளினிக்ல சொன்னாங்க, ரொட்டி சுட்டு வச்சா கறுப்பா இருக்குன்னு தொடவே மாட்டேங்கிறான். பார்ட்டிக்கு அதையே கொண்டு போறேன்னு மருமகள் சொல்றா, யாரு சாப்பிடப் போறா? எங்க காலத்தில ரொட்டியும் சம்பலும் குடுத்தா பார்ட்டிதான்.
– ஒரு அப்பாயி, பொகவந்தலாவை

பதில்: அப்பாயி, உங்க மருமகள் ஐடியா நல்ல ஐடியாதான், செய்யிற விதத்தை மட்டும் மாத்தணும். முழுக் குரக்கன்ல சுட்டா கறுப்பாவும் வறவறன்னும் தான் இருக்கும், பாதி குரக்கன், பாதி கோதுமை மாவு போடுங்க. ஒரு கப்புக்கு ஒரு கப், அரைக் கப் தேங்காய்ப்பூ, நல்லா பழுத்த வாழைப்பழம் ரெண்டு மசிச்சு, ஒரு சிட்டிகை உப்பு, வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம். வாழைப்பழ இனிப்பே போதும், சீனி ஒரு மணி கூட போட வேணாம். பலகையில தட்டி, டம்ளர் வாயால வட்டம் வட்டமா வெட்டி, கல்லுல எண்ணெய் இல்லாம சுடுங்க. எண்ணெய் தடவினா என்ன ஆகும்னா, 24 பாகைக்கு கீழ தேங்காண்ணெய் உறையும், பொகவந்தலாவையில விடியக்காலைல ரொட்டி மேல வெள்ளை வெள்ளையா படிஞ்சு நிக்கும், புள்ளைங்க பூஞ்சணம்னு சொல்லி தள்ளி விட்டுடும்.

சத்தைப் பத்தி கிளினிக்ல சொன்னது உண்மை, 100 கிராம் குரக்கன்ல 340 மில்லிகிராம் அளவுக்கு கல்சியம் இருக்கு, வெள்ளைக் கோதுமை மாவு கிட்டவே நிக்காது. பேரன்கிட்ட குரக்கன்னு பேரைச் சொல்லாதீங்க, சொக்லேட் ரொட்டின்னு நான் சொல்லச் சொல்லல, பொய் சொன்னா ஒரு கடியில கண்டுபிடிச்சிடுவான். குட்டி ரொட்டின்னு சொல்லுங்க. சம்பல் உங்க கையால செஞ்சதுன்னா ஒரு சின்ன டப்பால அதையும் அனுப்புங்க, டீச்சர்மார் அதைத்தான் தேடுவாங்க. மாசி போடாம.

கேள்வி: சோடா வேணாம்னா குடிக்க என்ன குடுக்கிறது? தேத்தண்ணி குடுக்கலாமா? குளிர் வேற.
– இராகலை வாசகர்

பதில்: தேயிலைக்காரங்க நாமளே சொல்றது பாவம்தான், ஆனா சாப்பாட்டோட தேத்தண்ணி வேணாம். தேயிலையில இருக்கிற துவர்ப்புச் சத்து பயறு, கடலை, கீரையில இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாம தடுக்கும், அவ்வளவு கஷ்டப்பட்டு சுண்டல் செஞ்சு குடுத்துட்டு மேல பிளேன்டீ ஊத்தினா என்ன மிச்சம்? அதுவே தேசிக்காய்த் தண்ணியோ தோடம்பழச் சுளையோ கூட போனா இரும்பு நல்லா சேரும், விற்றமின் சி அந்த வேலையைச் செய்யும். குளிருக்கு வெதுவெதுப்பா, உப்பு ஒரு சிட்டிகை, சீனி ஆளுக்கு அரைத் தேக்கரண்டி கணக்கில, பிளாஸ்க்ல ஊத்தி அனுப்புங்க. கொத்தமல்லித் தண்ணி யோசனை நிறையப் பேர் எழுதியிருக்கீங்க, பெரியவங்களுக்கு சரி, புள்ளைங்களுக்கு தடிமன் வந்த நாள் ஞாபகம் வரும், பார்ட்டியில வேணாம். ஒண்ணும் முடியாட்டி கொதிச்சு ஆறின தண்ணி, அது போதும்.

கேள்வி: ஆன்ட்டி, நான் அஞ்சாம் வகுப்பு. எங்க கிளாஸ் பார்ட்டிக்கு ஒரு ஃப்ரெண்டோட அம்மா ஐசிங் கேக் கொண்டு வர்றாங்களாம். அதை சாப்பிட்டா பல்லு சொத்தையாகும், தொடக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. ஒரே ஒரு துண்டு சாப்பிட்டா கூடவா?
– அஞ்சாம் வகுப்பு மாணவி, மஸ்கெலியா

பதில்: ஒரு துண்டுக்கு சொத்தை வராது கண்ணு, சாப்பிடு. பல்லுல இருக்கிற கிருமி சீனியைத் தின்னு அமிலம் விடும், அந்த அமிலம்தான் பல்லை அரிக்கும், ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்கு போகும்போதும் இது நடக்கும். அதனால வருஷத்தில ஒரு நாள் மேசையில உக்காந்து சாப்பிடுற கேக்கை விட, தினமும் இன்டர்வலுக்கு வாங்கி பாடம் நடக்கும்போது கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிருக்கிற டொபிதான் ஆபத்து, அது மணிக்கணக்கா ஒட்டிக்கிட்டே இருக்கும், நீ அப்படி பண்றதில்லன்னு நம்புறேன். கேக் சாப்பிட்டதும் தண்ணி குடிச்சு வாயைக் கொப்பளி, ராத்திரி படுக்க முன்னாடி ஃப்ளோரைட் இருக்கிற பற்பசையில ரெண்டு நிமிஷம் பல்லு விளக்கு, விளக்கினதுக்கு அப்புறம் தண்ணியைத் தவிர ஒண்ணும் கிடையாது.

அம்மாகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டு, ஒரு துண்டுக்கு சம்மதம் வாங்கிடலாம். ரெண்டாவது துண்டுக்கு என்னைக் கூப்பிடாத, மிச்ச ஐசிங்கை கடதாசியில சுத்தி புத்தகப் பைக்குள்ள வச்சு எடுத்துட்டு வர்ற வேலையும் வேணாம், கொப்பி எல்லாம் எறும்பு ஏறிடும்.